ஜிப்ஸி எஞ்சினைப் பறக்க வைக்க எவ்வளவு ஆகும்?

அக்டோபர் 11, 2025

குன்னூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார், அப்படியே போடுகிறேன்:

"அண்ணா, ரெண்டு சீட் விமானம் சொந்தமா கட்டலாம்னு பிளான் வாங்கி வச்சிருக்கேன். சின்ன விமானத்துக்குன்னே செய்யற ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் புதுசு இருபதாயிரம் டாலருக்கு மேல சொல்றாங்க. அதுக்கு மேல கப்பல் கூலி, கஸ்டம்ஸ் வேற. இங்க பழைய மாருதி ஜிப்ஸி ஜீப் எஞ்சின், 1300 சிசி, நல்ல நிலைமையில நாற்பதாயிரம் ரூபாய்க்குக் கிடைக்குது. அமெரிக்காவுல இதே சுஸுகி ஜி13 போட்டுப் பறக்கறாங்க. நாற்பது மடங்கு எதுக்குக் கொடுக்கணும்? கம்பெனி பேருக்கா?"

கம்பெனிப் பெயருக்கு இல்லை தம்பி. நாற்பதாயிரம் எஞ்சினுக்கு மட்டும், அதில் நேராகப் புரொப்பெல்லரை மாட்ட முடியாது. ஜி13 முழு பலத்தையும் 6000 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 6000 சுற்று, பக்கத்தில்தான் தரும். ஆறடி புரொப்பெல்லரை 2700 ஆர்பிஎம்மில் சுற்றினால் நுனி வினாடிக்கு 260 மீட்டர் போகும், ஒலி வேகத்தில் முக்கால் பங்கு, அது வரைக்கும் நல்லது. அதையே 5500-இல் சுற்றினால் 527 மீட்டர். நுனி ஒலியைத் தாண்டிவிடும், சத்தம் கோத்தகிரி வரைக்கும் கேட்கும், இழுவை மட்டும் இருக்காது. நுனி வேகத்தைக் குறைக்கப் புரொப்பெல்லரை வெட்டிக்கொண்டே வந்தால் மூன்றடியில் வந்து நிற்கும், அதை வைத்துக்கொண்டு மெதுவாகப் போகிற சின்ன விமானத்தை மேலே ஏற்ற முடியாது.

அதனால் நடுவில் ஒரு ரிடக்‌ஷன் டிரைவ் வேண்டும். எஞ்சினின் வேகத்தைக் குறைத்துப் புரொப்பெல்லருக்குக் கொடுக்கிற கியர் அமைப்பு அது. செலவு அங்கே ஆரம்பிக்கிறது. ரோட்டாக்ஸில் அது கூடவே வருகிறது: 912 யுஎல்எஸ் 5800-இல் 100 குதிரைத்திறன், உள்ளேயே 2.43-க்கு 1 கியர், புரொப்பெல்லருக்கு 2400-க்குக் கொஞ்சம் கீழே. நீங்கள் கொடுக்கிற பணத்தில் பெரிய பங்கு அந்தக் கியரையும் எஞ்சினையும் சேர்த்து ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டிப் பார்த்ததற்கு.

அக்டோபர் 12

"நீங்க போட்டுப் பார்த்தீங்களா, இல்லை படிச்சதைச் சொல்றீங்களா" என்று ஒருவர் கேட்கிறார். போட்டுப் பார்த்தேன். கோத்தகிரிக்குத் திரும்பி வருவதற்கு முன்னால் ஒஹையோவில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸில் இருந்தேன். பக்கத்து ஹேங்கர்காரரும் நானும் சேர்ந்து கட்டிய இரண்டு சீட்டரில் இஜே22 என்கிற சுபாரு கார் எஞ்சினைப் போட்டோம். எஞ்சினில் ஒரு குறை சொல்ல முடியாது, இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

கணக்கு நோட்டு கையில் இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் எஞ்சின் 600 டாலர். பிரித்து, ரிங், பேரிங், கேஸ்கெட் மாற்றிக் கோத்ததற்கு 1900. ரிடக்‌ஷன் டிரைவ் 4300. எஞ்சின் மவுண்ட் குரோமாலி எஃகுக் குழாயில் வெல்டிங் செய்தது 900. ரேடியேட்டர், குழாய், தண்ணீர் வழி எல்லாம் 1100, அதில் பாதி இரண்டாவது முறை செய்ததற்கு. புரொப்பெல்லர் 2200. கம்ப்யூட்டர், இரண்டாவது பேட்டரி, இரண்டாவது பெட்ரோல் பம்ப், வயரிங் 1400. கூட்டினால் 12,400. அதே நேரத்தில் அதே விமான நிலையத்தில் பாதி ஆயுள் மிச்சமிருந்த லைக்காமிங் ஓ-320 விமான எஞ்சின் ஒன்று பதினோராயிரத்துக்கு விற்றுப் போனது. அதற்கும் மவுண்டும் புரொப்பெல்லரும் தனியாக வாங்க வேண்டும்தான், ஆனால் அந்த மவுண்ட் கேட்லாக்கில் இருக்கும், போன் செய்தால் வீட்டுக்கு வந்துவிடும். எங்கள் மவுண்டை நாங்களே வரைந்தோம், வெட்டினோம், திரும்ப வரைந்தோம்.

600 டாலர் எஞ்சின் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோம், அது வேறு விஷயம். இந்த மாதிரி ஆட்கள் எல்லோரும் முதல் வரியை மட்டும்தான் சொல்வார்கள்.

அக்டோபர் 12, இரவு

"மலை ரயிலுக்கே எஞ்சினை மாத்தினாங்க, விமானத்துக்கு மாத்த முடியாதா" என்று கேட்டவருக்கு: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிற மலை ரயிலில் நீராவி எஞ்சினை எடுக்கவில்லை ஐயா, நிலக்கரிக்குப் பதில் ஃபர்னேஸ் ஆயில் எரிக்க வைத்தார்கள். அதற்கே பொன்மலை ஒர்க்‌ஷாப் முழுதும் பின்னால் நிற்கிறது. நம் தம்பிக்குப் பின்னால் அவருடைய அப்பாவின் காய்கறி லாரி நிற்கிறது. அப்புறம், ரயில் நின்றுபோனால் எல்லோரும் இறங்கி செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 14

ஆவாரம்பாளையத்திலிருந்து லேத் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் எழுதுகிறார்: "கியர் பாக்ஸுக்கு நாலாயிரம் டாலரா? டிராயிங் கொடுங்க, கேஸ் ஹார்டனிங்கோட முப்பதாயிரம் ரூபாய்க்கு முடிச்சுத் தர்றேன்." முடித்துத் தருவார், சந்தேகமே இல்லை. கோயம்புத்தூரில் பல் வெட்டத் தெரியாத தெரு கிடையாது. அண்ணா, சிக்கல் "டிராயிங் கொடுங்க" என்கிற இடத்தில் இருக்கிறது.

நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. கிராங்க் ஒரே சீராகச் சுற்றுவது போலத் தெரிந்தாலும் உள்ளே ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு உதை, பிறகு ஒரு தளர்வு. காரில் அந்த உதையைக் கிளட்ச் ஸ்பிரிங்கும் டயரும் வாங்கிக்கொள்ளும். விமானத்தில் மறுமுனையில் இருப்பது புரொப்பெல்லர், அது எளிதில் வேகம் கூட்டவும் விடாது, குறைக்கவும் விடாது. நடுவில் ஒரு ஷாஃப்ட், கொஞ்சம் இடைவெளி விட்ட பற்கள். ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு திரும்புகிற தன் இயல்பான அதிர்வும் எஞ்சினின் உதையும் ஏதாவது ஒரு ஆர்பிஎம்மில் ஒத்துப்போகும். ஒத்துப்போனால் பல் ஒரு பக்கம் அடித்து, மறுபக்கம் அடித்து, மறுபடி அடித்து... எங்களுடையது தரையில் மெதுவாக ஓடும்போது உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம் போடும். விற்றவரிடம் கேட்டால் "எல்லாருக்கும் அப்படித்தான், ஓட ஓடச் சரியாகும்" என்றார். திறந்து பார்த்தால் இரண்டு பல்லில் ஓரம் உதிர்ந்திருந்தது. மாற்றுக் கியர் கேட்டு எழுதினோம், அதற்குள் கடையையே மூடிவிட்டார்.

அந்த ஒத்துப்போகும் ஆர்பிஎம்மை ஓட்டுகிற எல்லைக்கு வெளியே தள்ளுவதுதான் வடிவமைப்பு. ரப்பர் கப்ளிங் எவ்வளவு மெத்தென்று இருக்க வேண்டும், ஃப்ளைவீல் எவ்வளவு கனம், புரொப்பெல்லர் எவ்வளவு லேசு, எல்லாம் சேர்ந்த கணக்கு. ரோட்டாக்ஸ்காரர்களே 912-க்குப் புரொப்பெல்லரின் சுழல் நிலைமம் (சுற்றும் வேகத்தை மாற்ற அது காட்டும் எதிர்ப்பு) 6000 கிலோ-சதுர சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள், கனமான உலோகப் புரொப்பெல்லரை மாட்டினால் அவர்கள் கியருக்கும் அதே கதிதான். நீங்கள் செய்கிற கியர்பாக்ஸுக்கு அந்த எல்லையை யார் எழுதுவார்கள்? ஷாஃப்ட் எவ்வளவு முறுக்குகிறது என்று அளக்கிற ஸ்ட்ரெய்ன் கேஜை அதில் ஒட்டி, ஓடும்போதே அளந்து பார்த்தால்தான் தெரியும். முப்பதாயிரத்தில் இரும்பு வந்துவிடும், அளவு வராது.

அக்டோபர் 15

மேலே எழுதியதைப் படித்தால் கார் எஞ்சின் என்றாலே ஆகாது என்று நான் சொல்கிற மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. ரைட் சகோதரர்கள் கார் கம்பெனிகளிடம் எஞ்சின் கேட்டு ஒன்றும் சரிப்படாமல், கடையில் இருந்த மெக்கானிக் சார்லி டெய்லரை வைத்துத் தாங்களே செய்துகொண்டார்கள், 12 குதிரைத்திறன். அமெரிக்காவில் பீட்டன்பால் என்பவர் 1929-இல் ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சினையே தன் விமானத்தில் வைத்துப் பறந்தார். அவரால் அதை எப்படிச் செய்ய முடிந்தது? மாடல் ஏ 40 குதிரைத்திறனை 2200 ஆர்பிஎம்மிலேயே கொடுத்துவிடும். கிராங்க் நுனியில் நேராகப் புரொப்பெல்லர், கியர் கிடையாது, முறுக்கு அதிர்வுத் தலைவலி பெரும்பாலும் கிடையாது. பிற்பாடு ஃபோக்ஸ்வேகன் பீட்டில், ஷெவ்ரலே கார்வேர் இரண்டும் அந்த வழியில்தான் வந்தன: காற்றாலேயே குளிரும், நேரடி இணைப்பு. பீட்டிலின் வழியில் வந்த 2180 சிசி ஏரோவீ 3400-இல் 80 குதிரைத்திறன். இவற்றில் உண்மையிலேயே பணம் மிச்சமாகும், புது ரோட்டாக்ஸ் விலையில் பாதியைச் சுற்றி முடிக்கலாம். கார்வேரிலும் கிராங்க் உடைந்து, முன்பக்கம் ஐந்தாவது பேரிங் சேர்த்த பிறகுதான் பலருக்கு நிம்மதி வந்தது. ஆனாலும் ரேடியேட்டர் இல்லை, கியர் இல்லை, இரண்டு பெரிய செலவு அப்படியே போய்விடுகிறது.

ஆக, பழைய காலத்து மந்தமான எஞ்சின்தான் விமானத்துக்கு மலிவு. சின்னதாக இருந்து வேகமாகச் சுற்றுகிற புது எஞ்சின்களில், வாங்கும்போது மிச்சமாகிற பணம் கியரில் போய்விடுகிறது. பீட்டில் நம் ஊரில் பழைய கார் ஊர்வலத்தில்தான் கண்ணில் படும், கார்வேர் அதுவும் இல்லை. குன்னூரில் மலிவாகக் கிடைப்பது ஜிப்ஸி. இதுதான் தம்பியின் துரதிர்ஷ்டம்.

அக்டோபர் 18

மழை விட்டபாடில்லை. ரேடியேட்டர் பற்றிக் கேட்டவர்களுக்கு.

எல்லோரும் காற்று உள்ளே வருகிற வாயைப் பற்றித்தான் யோசிப்பார்கள். எங்கள் முதல் ரேடியேட்டர் எஞ்சினுக்கு முன்னால், பெரிய வாயோடு, பார்க்க அழகாக இருந்தது. ஓஹோவென்று கொதித்தது. காற்று வெளியே போக வழி சின்னதாக இருந்தால் உள்ளே வந்த காற்று அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும், அப்புறம் வாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. இரண்டாவது முறை அடிவயிற்றில், உள்ளே வரவர விரிகிற குழலோடு, வெளியே போகிற வழியை அகலப்படுத்திச் செய்தபோதுதான் முள் கீழே இறங்கியது. வேகமாகப் போகும்போது எல்லாமே குளிரும். மெதுவாக, முழு திராட்டிலில் மேலே ஏறும்போதுதான் பரீட்சை.

மலைக்கு இன்னொன்று இருக்கிறது. ஊட்டி 2240 மீட்டர். அங்கே தண்ணீர் 93 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும், அதனால்தான் வீட்டில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. ரேடியேட்டர் மூடியும் அந்தக் குக்கர் மூடியின் வேலையைத்தான் செய்கிறது. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், அதே மூடி கீழே தருகிற கொதிநிலையை மேலே தராது. மூடி ரப்பர் தேய்ந்திருந்தால் ஊருக்கு மேலே வைத்துத் தெரியவரும்.

அக்டோபர் 18, மாலை

ஊட்டி டீச்சர் ஒருவர் கணக்கு கேட்கிறார்: மேலே காற்று லேசாக இருந்தால் எஞ்சினின் பலமும் குறையும், பலம் குறைந்தால் சூடும் குறையும் இல்லையா? ஆமாம் டீச்சர். ஊட்டி உயரத்தில், வெயில் நாளில், காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். 100 குதிரைத்திறன் 75-க்கு வந்துவிடும், சூடும் அந்த அளவுக்குக் குறையும், அதனால் ரேடியேட்டருக்கு நட்டம் பாதி ஈடாகிவிடும். இறக்கைக்கும் புரொப்பெல்லருக்கும் ஈடு கிடையாது. எஞ்சினோடு சேர்த்து மூன்றும் மெலிந்த காற்றில்தான் வேலை செய்ய வேண்டும். உயரத்திலும் பலம் விடாத ரோட்டாக்ஸ் 915 ஐஎஸ் என்று ஒன்று இருக்கிறது, டர்போ, 141 குதிரைத்திறன். விலை கேட்டுவிட்டுத் தம்பி போனை வைத்துவிட்டார்.

அக்டோபர் 19

கார்புரேட்டர் ஜிப்ஸியா, கம்ப்யூட்டர் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சுகிற எம்பிஎஃப்ஐ ஜிப்ஸியா? நல்ல கேள்வி, இரண்டும் வேறு வேறு வம்பு. கார்புரேட்டரில், ஈரக் காற்று உள்ளே போய்ப் பெட்ரோல் ஆவியாகும்போது குளிர்ந்து ஐஸ் கட்டும். வெளியே பதினைந்து டிகிரி, மூடுபனி என்றால் அதற்கு ஏற்ற வேளை. நம் மலையில் மத்தியானத்துக்கு மேல் தினமும் அந்த வேளைதான். எக்ஸாஸ்டிலிருந்து சூடான காற்றைத் திருப்பிவிடுகிற கார்ப் ஹீட் வைத்தே ஆக வேண்டும். எம்பிஎஃப்ஐ என்றால் ஐஸ் பயம் போகும், ஆனால் கரன்ட் நின்றால் எஞ்சின் நின்றது. லைக்காமிங்கில் பேட்டரி இல்லாமலே தீப்பொறி தருகிற மேக்னெட்டோ இரண்டு, பேட்டரி செத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். கார் எஞ்சினுக்கு அந்த நிம்மதி வேண்டுமென்றால் பேட்டரி இரண்டு, பம்ப் இரண்டு, மாற்று ஸ்விட்ச். கனமும் ஏறும், காசும் ஏறும். கனம் மூக்கில் ஏறினால் பேட்டரியை வாலுக்குத் தள்ள வேண்டும், அதற்குத் தடிமனான கேபிள், அதற்கு ஒரு கனம்.

அக்டோபர் 23

பெட்ரோல். இதில் மட்டும் ஜிப்ஸி கட்சிக்கு ஒரு புள்ளி கொடுக்கலாம் என்று நினைத்தேன், இப்போது அதுவும் சந்தேகம். பங்க்கில் வருவது இ20, ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். ரோட்டாக்ஸ் 912-க்குப் பத்து சதவீதம் வரைக்கும்தான் கம்பெனி ஒப்புதல். அதனால் 912 வாங்கினாலும் பங்க் பெட்ரோல் ஊற்ற முடியாது, விமானப் பெட்ரோலான அவ்காஸைத் தேட வேண்டும். 2022 வரைக்கும் அது முழுக்க இறக்குமதிதான், அந்த வருடம் இந்தியன் ஆயில் குஜராத்தில் செய்ய ஆரம்பித்தது. ஆனாலும் குன்னூர் பங்க்கில் கிடைக்கிற சரக்கு இல்லை. ஜிப்ஸி எஞ்சின் இ20-யில் ஓடத்தான் செய்யும், ஆனால் அது பிறந்த காலத்து ரப்பர் குழாய்கள் எத்தனாலுக்குத் தாங்காது. ஃபைபர்கிளாஸ் டேங்க் என்றால் உள் பூச்சு கரையலாம். எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும், நம் ஊர் மழைக்காலத்தில் ஷெட்டில் மாதக்கணக்காக நிற்கிற டேங்க் என்றால் சொல்லவே வேண்டாம்.

அக்டோபர் 24

செலவுக் கணக்கில் யாரும் எழுதாத வரி நேரம். அமெரிக்காவில், சான்றிதழ் பெற்ற எஞ்சினும் அதற்குப் பொருந்திய புரொப்பெல்லரும் போட்டால் சோதனைப் பறத்தல் 25 மணி நேரம், மற்றதற்கு 40. அதிகப்படி 15 மணி நேரப் பெட்ரோலை விடுங்கள், அந்த மணி நேரங்களில் நீங்கள் தனியாக, நம்பிக்கை வராத எஞ்சினுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். 2012-இல் அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் வீட்டில் கட்டும் விமானங்களைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. கட்டுப்பாடு இழப்பதும் எஞ்சின் கோளாறும்தான் அதில் முன்னால் நின்றன.

விற்பனை இன்னொன்று. எங்கள் விமானத்தை வாங்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் எஞ்சின் மூடியைத் திறந்து பார்ப்பார்கள், "ஓ, சுபாரு" என்பார்கள், மூடிவிட்டு வானிலை பேசுவார்கள். கடைசியில் வாங்கியவர் அதைக் கழற்றிவிட்டு லைக்காமிங் போட்டுக்கொண்டார். நாங்கள் உயிரைக் கொடுத்துச் செய்த ரேடியேட்டர் குழலை என்ன செய்தாரோ.

அக்டோபர் 26

"கேரளாக்காரர் ஒருவர் இங்கிலாந்தில் லாக்டவுனில் கட்டினாரே" என்று இரண்டு பேர் செய்தியை அனுப்பியிருக்கிறீர்கள். நல்ல உதாரணம், ஆனால் எதிர்ப் பக்கத்துக்கு. அவர் வாங்கியது பாகங்களாக வருகிற ஸ்லிங் விமானக் கிட், எஞ்சின் கிட் கம்பெனி சொன்ன ரோட்டாக்ஸ். அதனால்தான் சீக்கிரம் முடிந்தது. மும்பையில் மொட்டை மாடியில் கட்டிய அமோல் யாதவுக்குப் பதிவு கிடைத்தது 2017-இல், அதற்குள் பல வருட அலைச்சல். விமானத்துக்கே விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவிடம் அவ்வளவு நடை என்றால், கூடவே யாரும் பார்த்திராத கியர்பாக்ஸையும் தூக்கிக்கொண்டு போனால் கேள்வி இரட்டிப்பாகும்.

ரோட்டாக்ஸுக்கு இங்கே ஆள் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்சிசி விமானப் பிரிவு பறக்கவிடுகிற பிபிஸ்ட்ரெல் வைரஸ் என்கிற சின்ன விமானத்தில் இருப்பது 912 தான். அதில் கை வைத்த மெக்கானிக்கைத் தேடினால் கிடைப்பார். உங்கள் ஜிப்ஸி டிரைவில் கை வைத்தவர் நீங்கள் ஒருவர்தான்.

நவம்பர் 2

தம்பி நேற்று கோத்தகிரிக்கு வந்திருந்தார். பிளானைப் பார்த்தேன், மரவேலை சுத்தமாகச் செய்கிறார், விங் ரிப் எல்லாம் ஒரே அளவு. எஞ்சினையும் லாரியிலேயே ஏற்றி வந்துவிட்டார், ஏற்கெனவே வாங்கியாயிற்றாம்! பிறகு எதற்கு என்னைக் கேட்டார் என்று தெரியவில்லை. எங்கிருந்து பறப்பீர்கள் என்றேன். மேலே ஒரு ஓடுதளம் கிடையாது. கீழே மேட்டுப்பாளையம் பக்கம் உறவினர் நிலம் இருக்கிறதாம், அதற்கு அனுமதி தனிக் கதை. சமவெளியில் எஞ்சின் நின்றால் ஒரு வயல் கிடைக்கும். மலைமேல் நின்றால் தேயிலைச் சரிவுதான், மேலிருந்து மெத்தை மாதிரி தெரிந்தாலும் அது செடியும் பாறையும்.

பேசி முடித்தது இது. ஜிப்ஸி எஞ்சினைத் தூக்கிப் போட வேண்டாம், இரும்புச் சட்டத்தில் தரையில் மாட்டி, ஆவாரம்பாளையம் அண்ணனோடு சேர்ந்து டிரைவ் செய்து ஓட்டிப் பார்க்கட்டும். அண்ணன் தயார், ஸ்ட்ரெய்ன் கேஜ் வைக்கத் தெரிந்த ஒரு கல்லூரி ஆசிரியரையும் பிடித்திருக்கிறார். அது படிப்புச் செலவு, விமானச் செலவில் சேர்க்கக் கூடாது. அதில் அவருக்குச் சந்தோஷம் இருந்தால் நான் சொன்ன ஒரு கணக்கும் அவருக்குப் பொருந்தாது, சந்தோஷத்துக்காக என்றால் நானே மறுபடி சுபாரு போடுவேன். பணம் மிச்சம் பிடிக்க என்றால் போட மாட்டேன்.

விமானத்துக்கு, பழைய 912 தேடச் சொல்லியிருக்கிறேன். பார்க்கப் போகும்போது மணி நேரத்தை மட்டும் கேட்காதீர்கள் தம்பி. முழுதாகப் பிரித்துக் கோக்கிற ஓவர்ஹாலுக்கு 2000 மணி நேரம் என்பது எல்லோருக்கும் தெரியும், வருடக் கணக்கும் உண்டு, 15 வருடம் ஆனால் ஓடாமல் நின்றிருந்தாலும் ஓவர்ஹால்தான். ரப்பர் சாமான்கள் எல்லாவற்றையும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். லாக்புக்கில் அந்தத் தேதி இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, விலையில் கழித்துக் கேளுங்கள்.